கண்ணீர் அஞ்சலியில் உயிரோடிருந்தவன்

ஃப்ரீசர் பெட்டியை வேனிலிருந்து இறக்கிப் பந்தலுக்குள் வைத்தாகிவிட்டது. அதன் வயர்தான் வீட்டுச் சுவரில் இருந்த ப்ளக் வரை எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் கேட்டு ஒருவர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடந்த வாடகை நாற்காலிகளைப் பிரித்தெடுக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. திண்டிவனத்தில் மே மாத மாலை. வெயில் இறங்கியும் சூடு இறங்காத நேரம்.

என் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் டேனியின் பெயர்.

டேனி என் அக்கா மகன். இங்கிலாந்தின் வடக்கில், நான்காம் பிரிவில் ஆடும் ஒரு கால்பந்துக் கழகத்தின் ஒப்பந்த ஆட்டக்காரன். அன்று அவனுடைய அணிக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம். அது தொடங்க இரண்டு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் வெளியாட்களோடு பேசமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எடுத்தேன். மஞ்சள் கறுப்புச் சட்டையில், வெள்ளை ஓடு பதித்த சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். உதடுகள் காய்ந்திருந்தன. அவனுக்குப் பின்னால் எங்கோ குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தி," என்றான். "யாரு செத்தது? நானா, மாமாவா?"

இந்தத் தொடரில் இதுவரை என் வேலையில் நான் கண்ட அதிர்ச்சிகளை எழுதி வந்திருக்கிறேன். விழுப்புரத்தில் குழந்தைகள் நலனுக்கான ஓர் அமைப்பில் பணிபுரிபவள் நான். பள்ளியிலிருந்து நின்றுபோன சிறுமிகளையும், செங்கல் சூளைகளில் கண்டெடுத்த பிள்ளைகளையும் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த அதிர்ச்சிகளுக்கெல்லாம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. டேனியின் கேள்விக்கு அப்படி எந்தப் பயிற்சியும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவன், தான் இறந்துவிட்டேனா என்று சித்தியிடம் கேட்கிறான். அவன் கேலி செய்யவில்லை.

அவன் அப்படிக் கேட்க நேர்ந்தது எப்படி என்று சொல்ல, அந்தப் பருவத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

நாலாவது மாடி

என் மூத்த அக்கா மேரி, செவிலியராக இங்கிலாந்துக்குப் போனபோது டேனிக்கு ஆறு வயது. பருத்தி ஆலைகள் மூடிப்போன ஒரு மலையடிவார ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தவனை உள்ளூர்க் கழகம் எடுத்துக்கொண்டு வளர்த்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒப்பந்தமும் தந்தது. அவனுடைய தமிழ் மட்டும் ஆறு வயதில், திண்டிவனத்துத் தெருவிலேயே நின்றுவிட்டது. தாடி வைத்த இளைஞன், "எனுக்கு ஒண்ணு குடு சித்தி" என்று பேசுவதைக் கேட்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

'இங்கிலாந்தில் ஆடுகிறான்' என்றதும் ஊரில் பலரும் நினைத்தது, தொலைக்காட்சியில் வரும் பெரிய கழகங்களை. உண்மை அதுவல்ல. அங்கே தொழில்முறைக் கால்பந்து நான்கு மாடிகளாக இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மேல்மாடிக்குச் சிலர் ஏறுவார்கள், கீழ்மாடிக்குச் சிலர் இறங்குவார்கள். டேனியின் கழகம் நாலாவது மாடியில், அதிலும் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து விழுந்தால் அந்தக் கட்டடத்தைவிட்டே வெளியே போக வேண்டும்.

இதை எங்கள் தெருவுக்குப் புரியவைத்தது என் அண்ணன் அந்தோணி.

"பஸ் ஸ்டாண்டு ரூட்டுல ஓட்டிக்கினு இருக்கோம்ல? அந்தப் பெர்மிட்டைப் புடுங்கிக்கினு, போடா, ஏரிக்கரை ரூட்டுல ஓட்டுன்னா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான். வண்டி அதேதான். ஆனா ஏறத்தான் ஆளு இருக்காது."

அந்தோணி அண்ணன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். மேரி அக்காவுக்குத் தம்பி, எனக்கு அண்ணன், டேனிக்குத் தாய்மாமன். அவருக்கும் லூர்து அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. இளமையில் எங்கள் தேவாலயப் பங்கின் அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். பந்தைவிட ஆளைத்தான் அதிகம் உதைப்பார் என்று அவர் நண்பர்கள் சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

டேனி ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது, பிரம்மதேசம் பக்கம் வறண்டு கிடந்த ஏரியில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். இங்கிலாந்துப் பையன் வந்திருக்கிறான் என்று ஊரே கூடிவிட்டது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எதிரணிக்காரர் ஒருவர் டேனியை மடக்கிப் புழுதியில் உருட்டிவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. "சூப்பரு! இதுக்கோசரம்தான் கூட்டியாந்தேன். அந்தக் குளிருல இந்த மாரி அடி எவன் குடுப்பான்?" என்றார். முழங்காலில் ஒட்டிய செம்மண்ணோடு டேனி சிரித்துக்கொண்டே எழுந்தான்.

நம்ம ஆட்டோ கலரு

கழகத்தின் சட்டை மஞ்சளும் கறுப்பும். மேரி அக்கா முதன்முதலில் ஒரு சட்டையை அனுப்பியபோது அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆட்டோ கலரு" என்றார். அன்றோடு திண்டிவனம் ஆட்டோ நிறுத்தம் முழுவதும் அந்தக் கழகத்தின் ஆதரவாளர்களாகிவிட்டது.

கழகம் இணையத்தில் காட்டும் ஆட்டம், சனிக்கிழமை மாலைகளில் நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் ஓடும். செய்தித்தாள் விரித்த மேசையில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, குவிந்திருக்கும். உப்புத் தண்ணீரின் வாடையும் டீசல் வாடையும் கலந்த அந்த இடத்தில், உலகின் மறுமூலையில் சேற்றில் புரளும் இருபத்திரண்டு பேரை ஆட்டோக்காரர்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இன்னாடா இது, நாத்து நட்டுடலாம் போல இருக்குது?"

"மழைடா. அங்க எப்பவும் மழைதான்."

"அந்தத் தாத்தாவைப் பாரு. நனைஞ்சிக்கினே டீ குடிக்கிறாரு. தோக்கறதைப் பாக்கறதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டு வரணுமா?"

"நீ மட்டும் இன்னாவாம், சவாரிய உட்டுட்டு வந்து குந்திக்கினு இருக்கறே?"

கடைசியாகப் பேசியவர் சேகர். அண்ணனின் உயிர் நண்பர். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கழகத்தின் ஆதரவாளர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அண்ணன் அதில் சேர்ந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் தேநீர்க் கடைக் கூட்டத்தைப் படம் எடுத்துப் போடுவார். எழுத்து எதுவும் இருக்காது. கும்பிடும் கைகளும் ஒரு மஞ்சள் இதயமும் மட்டும். பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் பதில் போடுவார்கள். 'டேனியின் மாமா' என்ற பெயரில் அந்த மழை ஊரில் அவர் ஒரு சிறிய பிரபலமாகவே இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டேனி இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பருவத்தின் பெரும்பகுதியை மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் கழித்தான். நாலாவது மாடியில் பெரும்பாலோருக்கு ஒப்பந்தம் ஒரு கோடையிலிருந்து அடுத்த கோடை வரைதான். மே மாதம் வந்தால் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று கழகம் அறிவிக்கும். ஆடாதவனை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் கிடைக்காது. டேனி இதை எங்களிடம் சொல்லமாட்டான். அக்காவின் குரலில் இருந்து நாங்களே தெரிந்துகொள்வோம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், வழக்கமான இடது தடுப்பாட்டக்காரருக்கு அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை விழுந்தது. கடைசி ஆட்டத்தில் டேனி தொடக்கத்திலிருந்தே ஆடுவான். வென்றால் கழகம் தப்பிக்கும். தோற்றால் வெளியே. அவனுடைய வேலையும் அந்த ஒரு மாலையில்தான் இருந்தது.

பலகைகளின் ஊர்

இங்கே ஒரு கிளைக்கதை.

எங்கள் ஊர்ப்பக்கம் எதற்கும் ஃப்ளெக்ஸ் பலகை உண்டு. காது குத்து, பூப்பு நீராட்டு, திருமணம், தேர்ச்சி, மரணம் எல்லாம் பலகையாகத்தான் ஊருக்கு அறிவிக்கப்படும். நடைபாதையை மறைத்தும் சாலை வளைவுகளை மூடியும் நிற்கும் இப்பலகைகளுக்கு எதிராக நாங்கள் சில நண்பர்கள் மனுக்கள் கொடுத்திருக்கிறோம். அதனால் எனக்கு ஆட்டோ நிறுத்தத்தில் 'பேனர் மேடம்' என்று பெயர்.

குளிர்காலத்தில் டேனி முதன்முறையாக மாற்று ஆட்டக்காரனாகச் சில நிமிடங்கள் களம் இறங்கியபோது, மேம்பாலத்துக்கு அருகே ஒரு பலகை எழுந்தது. ஆளுயரத்தைவிடப் பெரிய டேனி, மஞ்சள் கறுப்புச் சட்டையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். 'இங்கிலாந்தை அதிரவைக்கும் திண்டிவனத்துச் சிங்கமே!' என்பது வாசகம். அவன் பந்தைத் தொட்டதே மூன்று நான்கு முறைதான்.

"இது தேவையா அண்ணா?" என்று கேட்டேன்.

"நீ மனு குடு செலின். அவங்க வந்து எடுக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும்" என்றார்.

அஞ்சலிப் பலகைகளுக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. இறந்தவரின் படம், இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவத்தி, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே துயரத்தில் பங்கேற்போரின் படங்கள். துயரப்படுவோர் தங்கள் படங்களில் பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பார்கள். ஊருக்குத் தெரிந்த முகம் ஏதாவது குடும்பத்தில் இருந்தால், அந்த முகம் இறந்தவரின் முகத்தைவிடப் பெரிதாகிவிடுவதும் உண்டு. இங்கே யாருக்கும் அது வினோதமாகத் தெரியாது. யார் இறந்தது, யார் அழுவது என்று பலகையைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிடும்.

விழுப்புரத்தில் ஒரு மத்தியானம்

கடைசி ஆட்டத்தைத் தேநீர்க் கடையில் பார்க்க முடியாது, கூட்டம் தாங்காது என்று அண்ணன் முடிவுசெய்தார். தெருவிலேயே திரை கட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. ப்ரொஜக்டரும் திரையும் வாடகைக்கு எடுக்க அன்று காலை சேகரோடு விழுப்புரம் போனார். மஞ்சள் கறுப்புச் சட்டை அணிந்துதான் போனார்.

கடையிலிருந்து திரையைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, "மச்சான், நெஞ்சுல யாரோ முட்டி போட்டு அழுத்தறா மாரி இருக்குது" என்றாராம். சேகர் அதே ஆட்டோவில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் அலுவலகத்திலிருந்து ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐம்பது வயதைத் தொடாதவர். காலையில் வழியனுப்பிய லூர்து அண்ணியிடம், மாலை டிபனுக்குக் கொண்டைக்கடலை ஊறப்போடச் சொல்லியிருந்தார்.

மருத்துவமனை நடையில் நின்றபடி மேரி அக்காவை அழைத்தேன். அங்கே காலை நேரம். செய்தியைச் சொன்னேன். அவள் செவிலியரின் குரலில் கேட்டாள்.

"டேனிக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"சொல்லாதீங்க. மேட்ச் முடியட்டும். நானே சொல்றேன்."

"அக்கா, அவனுக்குத் தெரிஞ்சிக்கிற உரிமை இருக்கு. அவன் சின்னப் பையன் இல்ல."

"செலின், உன் ஆபீஸ் பேச்செல்லாம் இப்ப வேணாம். இன்னிக்கு அவன் ஆடலன்னா அவனுக்கு வேலை இல்ல. என் தம்பி செத்துட்டான்டி. எனக்கு மட்டும் ஓடி வந்து சொல்லி அழணும்னு இருக்காதா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவரிடம் சாவை மறைப்பது எங்கள் குடும்பங்களில் புதிதல்ல. தேர்வு முடியட்டும், பிரசவம் முடியட்டும், விமானம் இறங்கட்டும் என்று எத்தனையோ முறை மறைத்திருக்கிறார்கள். அதை அன்பு என்றே சொல்வார்கள். மறைக்கப்பட்டவர்களோ அதைப் பல ஆண்டுகள் மனத்தில் வைத்துக் குமுறுவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் முடிவெடுக்க வேண்டியவள் தாய். நான் ஒப்புக்கொண்டு, சேகரிடமும் மற்றவர்களிடமும், "டேனிக்கு யாரும் போன் பண்ணாதீங்க" என்று சொன்னேன்.

யாரும் போன் பண்ணவில்லை.

படம் போன வேகம்

அண்ணனின் உடலோடு நாங்கள் திண்டிவனம் திரும்பியபோது, ஆட்டோ நிறுத்தத்து நண்பர்கள் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருந்தார்கள். துக்கம் கேட்டதும் அவர்களுக்குச் செய்யத் தெரிந்த முதல் காரியம் அதுதான். கடைக்காரர் தம் கணினியில் இருந்த பழைய பலகையையே எடுத்தார். அதில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற டேனியை அப்படியே விட்டார். சிங்க வாசகத்தை நீக்கி, 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டார். இரண்டு பக்கமும் மெழுகுவத்திகள். வழக்கமாகத் தலைவர்களின் முகங்கள் வரும் மேல்மூலை வட்டத்துக்குள் அண்ணனின் முகம், ஓட்டுநர் உரிமத்துப் படம்.

அச்சுக்குப் போகும்முன் படம் சேகரின் கைக்கு வந்தது. அண்ணனின் கைப்பேசியும் அப்போது சேகரிடம்தான் இருந்தது. மருத்துவமனையில் அவர் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

சேகர் அழுதுகொண்டே செய்த காரியம் இது: ஒவ்வொரு சனிக்கிழமையும் மச்சான் படம் போடும் பக்கத்தில், மச்சானின் கைப்பேசியிலிருந்தே, அந்தப் படத்தைப் போட்டார். எப்போதும் போல எழுத்து இல்லை. கும்பிடும் கைகள், உடைந்த இதயம். அவர் டேனிக்குச் சொல்லவில்லை. டேனியின் மாமாவை நேசித்தவர்களுக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

அங்கே பார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கண்டது கறுப்புச் சட்டத்துக்குள், எரியும் மெழுகுவத்திகளுக்கு நடுவே, தங்கள் அணியின் சட்டையில் நிற்கும் டேனியை. அனுப்பியிருப்பவர் அவனுடைய சொந்த மாமா. அவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

சிறிது நேரத்துக்குள் அந்த ஊரே டேனிக்காக அழுதது. மைதானத்தின் வாயிலில் யாரோ பூங்கொத்து வைத்தார்கள். கழகத்தின் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஊழியர் ஒருவர் உடைமாற்றும் அறைக்கு ஓடிக் கதவைத் திறந்தபோது, டேனி பெஞ்சில் அமர்ந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தானாம். அவனைக் கண்டதும் அந்த ஊழியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் கைப்பேசியை நீட்டினார்.

டேனிக்கும் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் மெழுகுவத்திகள் தெரியும். திண்டிவனத்துச் சாலைகளில் அவற்றைப் பார்த்திருக்கிறான். மேல்மூலை வட்டத்தில் இருந்த முகமும் தெரியும். அக்காவை அழைத்தான். பேருந்தில் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த அவளுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அதனால்தான் குளியலறையில் நின்று என்னை அழைத்தான்.

"யாரு செத்தது? நானா, மாமாவா?"

"மாமாதான் டேனி," என்றேன். "மத்தியானம். நெஞ்சு வலி."

கண்ணை மூடினான். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். எனுக்கு மட்டும் தெரியாது." அதில் கோபம்கூட இல்லை. "இப்ப நான் ஆடணுமா சித்தி?"

என்ன சொல்வது? ஆடு என்றால், துக்கத்தில் நடுங்கும் ஒருவனை ஆயிரக்கணக்கானோர் முன் தள்ளிவிடுகிறேன். ஆடாதே என்றால், இத்தனை ஆண்டு உழைப்பை என் ஒரு சொல்லால் முடித்துவைக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லூர்து அண்ணி கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"டேனி, அத்தை பேசறேன். ஆட முடியும்னா ஆடு. முடியாதுன்னா பேசாம ஊட்டுக்குப் போ. யாருக்கோசரமும் ஆடாத. மாமாவுக்கோசரம்னு சொல்லிக்கினு ஆடவே ஆடாத. புரியுதா?"

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"ஆடறேன் அத்தை."

ஒலியில்லாத ஆட்டம்

விழுப்புரத்தில் எடுத்த திரையும் ப்ரொஜக்டரும் அண்ணனின் ஆட்டோவிலேயே கிடந்தன. லூர்து அண்ணி சேகரை அழைத்து, "அண்ணே, அதை எடுத்தாந்து கட்டுங்க" என்றார்.

எங்கள் பெரியப்பா சவேரி எழுந்துவிட்டார். "எழவு ஊட்டுல படம் காட்டுவாங்களா? ஊரு சிரிக்கும்."

"படம் இல்ல பெரியப்பா, மேட்ச்சு" என்றார் சேகர்.

"இன்னாவா இருந்தா இன்னா? பொட்டியப் பக்கத்துல வெச்சிக்கினு கூத்தா பண்ணுவீங்க?"

கடைசியில், செபம் சொல்ல வந்திருந்த உபதேசியார் ஒரு வழி சொன்னார். முதலில் செபமாலை. பிறகு ஆட்டம். ஆனால் சத்தம் கூடாது. துக்க வீட்டில் கேளிக்கைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது பெரியப்பாவின் கடைசி நிபந்தனை. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டார்கள்.

அப்படித்தான் பார்த்தோம். ஒரு பக்கம் ஃப்ரீசர் பெட்டியின் முனகல், ஊதுவத்திப் புகை, இடையிடையே புதிதாக வந்தவர்களின் ஒப்பாரி. மறுபக்கம் திரையில் பச்சைப் புல்வெளி, ஒலியில்லாத கூட்டம்.

இரண்டு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றன. மஞ்சள் கறுப்புச் சட்டைகளின் கைகளில் கறுப்புப் பட்டை. உண்மை அதற்குள் அங்கே தெரிந்துவிட்டிருந்தது. மைதானம் முழுவதும் எழுந்து கைதட்டத் தொடங்கியது.

"எதுக்குக் கைதட்றாங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

"அண்ணனுக்குத்தான். அங்க செத்தவங்களுக்கு அப்படித்தான் மரியாதை" என்றேன்.

"சாவுக்குக் கைதட்றதா? இன்னா ஊரும்மா அது."

"நாம மட்டும் இன்னா, வெடி வெச்சி டான்ஸ் ஆடிக்கினு போவல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியப்பாவே ஒரு கணம் சிரித்துவிட்டார். நான் மட்டும் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. முகமறியாத அத்தனை பேர், ஓர் ஆட்டோ ஓட்டுநருக்காக, மழைக்கோட்டோடு எழுந்து நிற்கிறார்கள். நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாதியில் நம் அணி ஒரு கோல் அடித்தது. பந்தலில் யாரும் கத்தவில்லை. கைகளை மட்டும் தூக்கினார்கள். இரண்டாம் பாதியில் எதிரணி சமன் செய்தது. முடிய சிறிது நேரமே இருக்கையில், டேனி தன் கோல்காப்பாளரை நோக்கிப் பந்தைத் திருப்பி அனுப்ப முயன்றான். ஊன்றிய கால் சறுக்கியது. பந்து பாதி வழியில் நின்றது. எதிரணிக்காரன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடி, வலைக்குள் தள்ளினான்.

டேனி புல்லில் கையூன்றிக் கிடந்தான். பின்பு எழுந்தான்.

அதன்பிறகு அவன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் எழுந்து நின்று வாயைத் திறந்து கத்துவதைக் கண்டோம். சேகர் கண்கலங்கினார். "பாத்தியா செலின்? தப்பு பண்ணவனைக்கூட எப்பிடித் தட்டிக் குடுக்கறாங்க பாரு. மனுஷங்கன்னா அவங்கதான்." பந்தலில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்கும்தான்.

ஆட்டம் முடிந்தது. கழகம் வெளியேறியது. டேனியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பது சில நாள் கழித்து வந்த செய்தி. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மேரி அக்கா அழைத்தாள். அவள் டேனியோடு ஆட்டக்காரர்கள் வெளியேறும் வழியில் நின்றிருந்தாள். சுற்றி அழுகுரல்கள் இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பாத்தோம். ஜனங்க அவனை எவ்வளவு ஆதரவா..."

"ஆதரவா?" என்றாள். "சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

திரை அப்போதும் ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊளை உட்டாங்கடி. அவன் பந்தைத் தொட்டா ஊளை. பக்கத்து சீட்டு அம்மா, மேட்ச்சுக்கு முன்னால என்னைக் கட்டிப்புடிச்சி அழுதா. அவளும் எழுந்து நின்னு ஊளை உட்டா. ஒருத்தன் கத்தினான் செலின். அந்தப் படத்துல போட்டது நிஜமாவே நடந்திருக்கலாம்னு. டேனிக்கு நல்லாக் கேட்டுச்சி. திரும்பிப் பாத்தான்."

அந்தப் பந்தலின் குழல்விளக்கு வெளிச்சத்தில், உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மைதானத்தில் கைதட்டியவர்களும் ஊளையிட்டவர்களும் ஒரே ஆட்கள்தான். அந்தச் சொல்லைக் கத்தியவனும், ஆட்டம் தொடங்குமுன் எழுந்து நின்றிருப்பான். அவன் கைதட்டியது பொய் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. என்னை உலுக்குவது அதுதான். அந்த இரக்கம் உண்மையானதுதான். அது ஓர் ஆட்டத்தின் நேரம்கூடத் தாங்கவில்லை.

சேகர் வெளிறிப்போயிருந்தார். படத்தைப் போட்டது அவர் கை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் வைத்துக் குனிந்தார்.

"ஜெயிச்சிட்டோம் மச்சான்," என்றார். "டேனி சூப்பரா ஆடினான். ஜெயிச்சிட்டோம்டா."

தலைமாட்டில் அமர்ந்திருந்த லூர்து அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, கை எடுங்க. அவருகிட்ட பொய் சொல்லாதீங்க."

முந்தானையால் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார். கணவரின் முகம் தெளிவாகத் தெரியும்வரை துடைத்தார். பின்பு, வேலையிலிருந்து வந்தவரிடம் அன்றைய சமாச்சாரத்தைச் சொல்வதுபோல், சாதாரணக் குரலில் சொன்னார்.

"ஏங்க, ரெண்டுக்கு ஒண்ணு. தோத்துட்டோம். டேனி கால் சறுக்கிடுச்சி, அவனாலதான் அந்த கோலு. எல்லாரும் அவனை ஏசினாங்க. ஆனா அவன் வெளிய போவல. விசில் ஊதற வரைக்கும் உள்ளயே நின்னான்."

என் கையிலிருந்த கைப்பேசியின் மறுமுனையில் ஒரு மூச்சு இழுபட்டது. அக்காவுடையதல்ல. அடுத்த கணம் டேனி வாய்விட்டு அழத் தொடங்கினான்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அவரும் அணைக்கச் சொல்லவில்லை.